ஜெபம்: நாம் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

அப்பா இறந்த அடுத்த வாரம் சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் நடந்தது. முடிந்ததும் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு ஆன்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும், சிஸ்டர்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அதற்குப் பிறகு பல மாதங்கள் அம்மா வாய்திறந்து ஜெபிக்கவே பயந்தார்.

ஜெபத்தைப் பற்றிய தவறுகளில் இதுதான் மிகவும் கொடியது என்பேன். கேட்டது கிடைக்காவிட்டால் கேட்டவரிடம்தான் குறை என்று முடிவுகட்டிவிடுகிறோம். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. தன் மாம்சத்தில் ஒரு முள் இருந்ததாகப் பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 12). அது என்ன நோய், என்ன வேதனை என்று அவர் சொல்லவில்லை. அது நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, வரப்போகும் துன்பத்தைக் குறித்து, இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று பிதாவிடம் கேட்டார். மறுநாள் சிலுவை. இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வது?

சரி, “உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்று இயேசு சொன்னாரே என்று கேட்கலாம். சொன்னார், சுகமானவர்களிடம். சுகமாகாதவர்கள் மேல் எறிவதற்காக அந்த வசனத்தை அவர் யார் கையிலும் கொடுக்கவில்லை.

அப்படியானால் துக்க வீட்டில் என்ன ஜெபிப்பது? 150 சங்கீதங்களைப் புரட்டிப் பாருங்கள், எத்தனை புலம்பல்கள்! “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதமோ விடிவே இல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. இவற்றில் ஒன்றை வாசித்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். அம்மாவை மறுபடி ஜெபிக்க வைத்தது 13ஆம் சங்கீதம்தான். கடவுளிடம் இப்படியும் கேட்கலாம் என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அடுத்தது, “இயேசுவின் நாமத்தில்” என்ற வார்த்தையைக் கடவுச்சொல் போலப் பயன்படுத்துவது. கடைசியில் அதைச் சேர்த்துவிட்டால் கதவு திறந்துதான் ஆகவேண்டும் என்ற நினைப்பு. முதலாளி பெயரில் கடைக்குப் போகும் பையன், முதலாளிக்கு வேண்டியதைத்தானே வாங்க முடியும்? ஒருவர் பெயரில் கேட்பது என்றால், அவர் மனதுக்கு ஒத்ததைக் கேட்பது. அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் ஸ்கேவா என்பவரின் ஏழு மகன்கள் இயேசுவை அறியாமலேயே அவர் பெயரை மந்திரம் போலச் சொல்லிப் பேய் ஓட்டப் போய், காயப்பட்டு, உடுப்பும் இல்லாமல் ஓடிவந்தார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. நெருங்கும்போது “இந்த மார்க் வாங்கிக்கொடும், நான் உபவாசம் இருக்கிறேன்” என்று பேரம் பேசுவதும் இதே வகைதான். பிள்ளையின் பரீட்சைக்காகக் கட்டாயம் ஜெபியுங்கள். ஆனால் இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்தின் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கடவுளுடைய நாமம், ராஜ்யம், சித்தம். சாப்பாடு அதற்குப் பிறகுதான் வருகிறது.

இப்போது வாட்ஸ்ஆப்புக்கு வருகிறேன். “இந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள், அவர்கள் மகன்…” என்று தொடங்கும் செய்திகள் உங்களுக்கும் வந்திருக்கும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒரு வீட்டு ரகசியம் நாற்பது பேருக்குப் போய்விடுகிறது. சிங்கப்பூரில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வட்டம் சின்னது. பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்று தெரிந்துவிடும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள். விவரம் தெரியாமலேயே ஜெபிக்கலாம், கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஜெபித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதும் தவறு. சம்பளம் கிடைக்காத ஒரு தம்பி ஆராதனைக்கு வந்து அழுதால், தலையில் கை வைத்து ஜெபியுங்கள். அப்புறம் சம்பளப் புகார்களைக் கையாளும் TADM அமைப்பில் புகார் கொடுக்க அவரோடு கூடவே போங்கள். உடுக்கத் துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் “சமாதானத்தோடே போங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு தன் நிருபத்தில் கேட்கிறார்.

கடைசியாக ஒன்று. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதால் இது என்னை அதிகம் வருத்துகிறது. ஜெபத்துக்கென்று தனித் தமிழ் வேண்டும் என்று நினைக்கிறோம். சபைகளில் நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின் நடை 1871இல் வெளிவந்த பதிப்பிலிருந்து வருகிறது. அந்த நடை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வீட்டில் பாதி ஆங்கிலம் பேசும் பன்னிரண்டு வயதுப் பையன், “தேவரீர், கிருபைகூர்ந்தருளும்” என்று சொல்ல வராததாலேயே தனக்கு ஜெபம் வராது என்று முடிவுசெய்துவிடுகிறான். பெரியவர்கள் பத்து நிமிடம் தங்குதடையில்லாமல் ஜெபிப்பதைக் கேட்டு இன்னும் ஒடுங்கிப்போகிறான். அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள் என்பது இயேசு நேரடியாகச் சொன்னது. அவர் சொன்ன கதையில் வரும் ஆயக்காரனின், அதாவது வரி வசூலிப்பவனின், ஜெபம் நாலே வார்த்தை: “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” அவன்தான் நீதிமானாக வீடு திரும்பினான்.

ஓஃபிர் ரோட்டில் 1888இல் எழுந்த லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘செபம்’ என்பார்கள். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையில் ‘ஜெபம்’ என்பார்கள். இயேசு கற்பித்த ஜெபத்தை இரண்டு பக்கமும் தகப்பனைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறார்கள். கெத்செமனேயில் இயேசு சொன்ன அரமேயச் சொல் நம் வேதாகமத்தில் ‘அப்பா’ என்றே இருக்கிறது. நாம் வீட்டில் கூப்பிடுகிற அதே அப்பா! இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை, மாற்கு 14ஐத் திறந்து காட்டினேன். இப்போது வகுப்பு முடியும்போது ஆளுக்கு ஒரு வரி ஜெபிக்கிறோம். தமிழ், ஆங்கிலம், இரண்டும் கலந்தது, எதுவானாலும் சரி. யாரும் யாரையும் திருத்துவதில்லை.