கொரோனாவிலிருந்து தேறி வீடு வந்தவருக்கு எந்தெந்தப் பரிசோதனை வேண்டும்?

அப்பா டிஸ்சார்ஜ் ஆகி வாசல்படி ஏறியதும் சொந்தக்காரர்கள் கேட்பது, "நெகட்டிவ் வந்துடுச்சா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே அவரை மறுபடி லேபுக்கு இழுத்துப்போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வீண்செலவு.

படி 1: ஆர்டி-பிசிஆரை விடுங்கள்

மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் அந்தக் கொரோனா சோதனை வைரஸின் மரபணுத் துணுக்கைத் தேடுகிறது. துணுக்கு உயிருள்ள வைரஸுடையதா, செத்ததுடையதா என்று அதற்குத் தெரியாது. செத்த குப்பை வாரக்கணக்கில் மூக்கில் கிடக்கலாம். 2020இல் தென்கொரியாவில் குணமானவர்களில் பலருக்கு மீண்டும் பாசிட்டிவ் வந்து ஊரே கலங்கியது. அப்படி 285 பேரையும், அவர்களோடு பழகிய 790 பேரையும் விசாரித்தார்கள். அவர்களிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றியதாக ஒரு சான்றும் கிடைக்கவில்லை. 108 பேரின் மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்றில்கூட உயிருள்ள வைரஸ் இல்லை.

இந்தியாவிலும் 2020 மே 8 விதிப்படி, லேசான, மிதமான நோயாளிகளுக்கு டிஸ்சார்ஜுக்கு முன்பே சோதனை தேவைப்படவில்லை. தீவிர நோயாளிகளுக்கும் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கும் மட்டும் ஒரு நெகட்டிவ் கேட்டார்கள். வீடு வந்தபின் புதிதாகக் காய்ச்சலோ இருமலோ வந்தால் கதை வேறு, டாக்டரிடம் பேசுங்கள்.

படி 2: ஆக்சிமீட்டர்

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி இது. காசும் கவனமும் இங்கே போகட்டும். நெயில் பாலிஷ், மருதாணி இல்லாத விரல் வேண்டும். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். பத்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு மாட்டுங்கள். எண் குதித்துக்கொண்டே இருக்கும், நிலைத்து நின்றபிறகு குறியுங்கள்.

94 அல்லது அதற்கு மேல் இருந்தால், வீட்டுக்குள் சமதரையில் 6 நிமிடம் நடக்கச் சொல்லுங்கள் (60 வயதைத் தாண்டியவருக்கு 3 நிமிடம் போதும்). கூடவே ஒருவர் இருக்கட்டும். தலை சுற்றினால், மூச்சு இரைத்தால் உடனே நிறுத்துங்கள். நடந்த கையோடு மறுபடி பாருங்கள். 93க்குக் கீழே போனாலோ, முன்பிருந்ததைவிட 3 புள்ளி இறங்கினாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 94க்குக் கீழே என்றால் நடக்கவே வைக்காதீர்கள், டாக்டருக்குப் போன் போடுங்கள். இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள், ஆக்சிஜனோடு வீடு வந்தவர்கள் நடைக்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

படி 3: சர்க்கரை

பலரும் கோட்டைவிடுவது இதைத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் டெக்ஸாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இதுவரை சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறலாம். குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதிவையுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை இஷ்டத்துக்கு நீட்டவும் கூடாது, சட்டென்று நிறுத்தவும் கூடாது. 2021இல் கருப்புப் பூஞ்சை (மூக்கையும் கண்ணையும் தாக்கும் தொற்று) அத்தனை பேரைப் பிடித்ததற்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். முகத்தில் ஒரு பக்கம் வலி, வீக்கம், மூக்கில் கருப்பான சளி, பார்வை மங்கல் என்றால் காத்திருக்க வேண்டாம்.

திடீர் நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் இரண்டும் ரத்தக்கட்டியாக இருக்கலாம். நேராக ஆஸ்பத்திரிக்கு.

படி 4: எக்ஸ்ரே, அவசரமில்லாமல்

படத்தில் தெரியும் நுரையீரல் நிழல் (நோய் விட்டுப்போன தடம்) மறைய வாரங்கள் ஆகும். நன்றாக இருப்பவருக்குப் பத்தாம் நாளே சிடி ஸ்கேன் எடுத்தால் பயம்தான் மிஞ்சும். கடுமையான நிமோனியாவில் படுத்து எழுந்தவருக்குச் சுமார் 12 வாரம் கழித்து எக்ஸ்ரே எடுப்பது பிரிட்டன் நுரையீரல் மருத்துவர்கள் வகுத்த முறை. பழைய படத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் அதைத்தான் கேட்பார்.