பனிக்காலத்தில் வாழைக்கு முதலில் வேரைப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்குப் பின்னால் நாலு வாழை வைத்திருக்கும் தோழி ஒருத்தி, போன மார்கழியில் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். அடி இலை மூன்றும் மஞ்சளாகத் தொங்கின. "பனியில கருகுது, பழைய போர்வை ஏதாவது சுத்தி வைக்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: துணி துவைக்கிற தண்ணீர் எங்கே போகிறது? வாழையடிக்குத்தான் போகிறது. ஐப்பசியிலிருந்து மழைத் தண்ணீரும் அங்கேயேதான் நின்றிருக்கிறது.

கடலூர், புதுச்சேரி கடற்கரையில் மார்கழி, தை விடியற்காலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நமக்குக் குல்லாய் தேவைப்படும். வாழைக்கு அது ஒரு சோம்பல், அவ்வளவுதான். சுமார் 16 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அது புது இலை விடுவதை நிறுத்தும். உறைபனி விழுகிற ஊர்களில்தான் இலை கருகும். நம் ஊரில் பனிக்காலத்தில் வாழை நொடித்தால் மண்ணுக்குள்ளே பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நின்ற தண்ணீர் வேரை அழுக வைத்திருக்கும். அது மார்கழியில்தான் இலையில் தெரிய வரும். பழி பனி மேல் விழுகிறது.

நான் பிறந்தது பாகூர் பக்கம், களிமண் பூமி. வாழ்க்கைப்பட்டது கேப்பர் மலைச் செம்மண்ணுக்கு. 26 வருஷமாக முக்கால் காணியில் வாழை. பெரும்பாலும் பூவன், கொஞ்சம் ஏலக்கி, வேலியோரம் மொந்தன். இரண்டு மண்ணிலும் வாழை பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் வடிகாலைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பாகூரில் என் தம்பி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு வாழை போட்டிருந்தான். ஒன்றில் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான் (தண்ணீர் வடிகிற பள்ளம்) எடுத்து, அதைத் தாழ்வான வாய்க்காலில் சேர்த்திருந்தான். மற்றதில் கான் இருந்தது, கடைவாய் தூர்ந்து கிடந்தது. கான் வெட்டுவதில் பெருமை இல்லை, தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பதுதான் கணக்கு. மழை விட்ட பிறகு முதல் துண்டு சீக்கிரம் வடிந்தது. இரண்டாவதில் மூன்று நாள் நின்றது. பொங்கல் வரும்போது அந்தத் துண்டில் பாதி மரம் கையால் தள்ளினாலே ஆடியது.

செம்மண்ணில் ஒரு அடி கான் போதும், களியில் ஒன்றரையிலிருந்து இரண்டு அடி வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் மண்வெட்டியே தூக்க முடியாது. எடுத்த மண்ணை வாழையடியில் குன்றாக அணைத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும். சரியாக எடுத்திருக்கிறோமா என்று பார்க்க, ஒரு பெருமழை ராத்திரிக்கு மறுநாள் காலை போய் நில்லுங்கள். மதியத்துக்குள் கானில் தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும்.

வேரைப் பார்ப்பது சுலபம். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் கையாலேயே மண்ணைப் பறியுங்கள். சுண்டுவிரல் பருமனில் ஒரு வேர் கிடைக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, உடைத்தால் சடக்கென்று ஒடிந்தால் நல்ல வேர். கெட்ட வேர் பழுப்பாக இருக்கும், மேல்தோல் உறை கழல்வது மாதிரி கழன்று நடுவில் ஒரு நரம்பு மட்டும் கையில் நிற்கும். சாக்கடை வாடையும் வரும். அப்படி இருந்தால் முதலில் தண்ணீரை நிறுத்தி, கானை ஆழப்படுத்துங்கள். மேல் மண்ணைக் கொத்திவிட்டுக் காற்று போக விடுங்கள். வேறு எதுவும் அவசரமில்லை.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. கல்யாணமான மூன்றாவது வருஷம் மார்கழியில் எங்கள் தோட்டத்திலும் இலை மஞ்சளாயிற்று. உரக்கடையில் கேட்டோம், "சத்து பத்தல, யூரியா போடுங்க" என்றார்கள். போட்டோம். வேர் அழுகின மரம் அதை என்ன செய்யும்? கொஞ்சம் வேர் மிச்சமிருந்த மரங்கள் மட்டும் தளதளவென்று இளசாக ஒரு இலை விட்டன, அதில் புள்ளி நோய் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஐப்பசிக்கு முன்பே உரத்தை முடித்துவிடுவேன். அதிலும் பொட்டாஷ் கொஞ்சம் தூக்கலாக. அடுத்தது மாசியில்தான்.

சோம்பல் என்றேன், அதற்குக் கணக்கு உண்டு. குருத்து விரிகிற அன்று இலைக்காம்பில் சுண்ணாம்பால் தேதி எழுதி வைப்பது என் பழக்கம். ஆவணியில் ஏழு நாளைக்கு ஒரு இலை விடும் அதே பூவன், மார்கழியில் பத்து, பதினோரு நாள் எடுத்துக்கொள்கிறது. தாரும் அப்படித்தான். வெயில் காலத்தில் பூ தள்ளி 90, 100 நாளில் வெட்டுகிற தார், பனிக்காலத்தில் 110, 120 நாள் வரை போகும். ஆகவே பொங்கலுக்குத் தார் வேண்டுமென்றால் புரட்டாசி முதல் வாரத்துக்குள் பூ தள்ளியிருக்க வேண்டும். அதற்குப் பிந்தினதைப் பொங்கல் விலைக்கு ஆசைப்பட்டு வெட்டாதீர்கள். காயின் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கிறதா, நுனியில் காய்ந்த பூ விரல் பட்டதும் உதிர்கிறதா என்று பார்த்து வெட்டுங்கள். விளிம்பு கத்தி மாதிரி நின்றால் பழுத்தாலும் சப்பென்று இருக்கும்.

கடைசிச் சீப்பு விரிந்த ஒரு வாரத்தில் பூவை ஒடித்துவிடுங்கள். தாருக்கு உறை போடுவதானால், பனிக்காலத்தில் துளை குறைவான பாலிதீன் உறை போதும். உள்ளே கொஞ்சம் கதகதப்பு நிற்கும்.

பனியால் நேரடியாக வருகிற தொல்லை இலைப்புள்ளி. சிகடோகா என்பது இதுதான். விடியற்காலை தோட்டத்துக்குள் போனால் இலை நடுநரம்புப் பள்ளத்தில் பனித்தண்ணீர் ஓடி, நுனியிலிருந்து கீழ் இலை மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். புள்ளியும் அந்தச் சொட்டு வழியாகவே இறங்குகிறது. முதலில் நரம்புக்கு இணையாக வெளிர் மஞ்சள் கோடு, அப்புறம் பழுப்பு, அப்புறம் நடுவில் சாம்பல் நிறம். கோடாக இருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு. கால் பாகம் கெட்டிருந்தால் அந்தப் பாகத்தை மட்டும் அறுத்தெடுங்கள். முழு இலையையும் வெட்டித் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. தார் முற்றி வர மரத்தில் எட்டு பச்சை இலையாவது வேண்டும், அதுவும் இந்த மந்தமான வெயிலில்.

வெட்டின இலையைத் தோட்டத்திலேயே போடாமல் வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். மருந்து தேவைப்பட்டால் கார்த்திகையிலிருந்து மாதம் ஒரு முறை மேங்கோசெப், 10 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம், அதோடு ஒட்டும் திரவம் 5 மில்லி. பனி காய்ந்த பிறகு, ஒன்பது, பத்து மணி வாக்கில் அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், நோய் நுழைவது பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான்.

மார்கழி பாதியில் மழை நின்றுவிடும். மேல் மண் காய்ந்து தெரிகிறது என்று கோடை மாதிரி பாய்ச்சக் கூடாது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்து, உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் மட்டும் காலையில் லேசாக ஒரு தண்ணீர். போர்வெல் தண்ணீர் அந்த நேரத்தில் வெதுவெதுப்பாக வரும், வேருக்கு அது இதம்.

காற்றைச் சொல்லாமல் கடலூரில் வாழை பற்றிப் பேச முடியாது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பொங்கலுக்கு இரண்டு வாரம் இருந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது தோட்டத்தின் அந்தக் கடைசி வேலி இந்தக் கடைசியிலிருந்தே தெரிந்தது, நடுவில் நிற்கிற மரமே இல்லை. அத்தை வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வேலியோரம் மட்டும் ஒன்பது மொந்தன் நின்றது. முந்தின நாள் ஐயப்ப பூஜை அன்னதானத்துக்காக அந்த வரிசையில் இலை அறுத்திருந்தோம். காற்றுக்குப் பிடிக்க ஒன்றுமில்லாமல் தப்பித்தவை அவை.

அதிலிருந்து புயல் எச்சரிக்கை வந்தால் முக்கால் முற்றின தாரை வெட்டிவிடுகிறோம். தார் தள்ளாத மரத்தில் குருத்தையும் இரண்டு மூன்று இலையையும் விட்டுவிட்டு மற்றதை அறுத்துவிடுவோம். பிஞ்சுத் தார் உள்ள மரத்தில்தான் மனசு தடுமாறும். இலை போனால் காய் பெருக்காது. அதற்குப் பாதி இலையை எடுத்துவிட்டு, முட்டுக் கொடுப்பதை நம்புகிறேன். முட்டுக்கு நம் ஊரில் சவுக்குக் கழிதான். இரண்டு கழியைத் தலைப்பில் கட்டி, கத்தரி போல விரித்து, தார் சாய்கிற பக்கத்தில் கழுத்துக்குக் கீழே தாங்க வையுங்கள். கட்டுவதற்குச் சாக்குக் கிழிசலோ வாழை நாரோ போதும், நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும். சாய்ந்த மரத்தைத் தூக்கி மண் அணைக்கலாம், கிழங்கோடு பெயர்ந்ததைத் தூக்காதீர்கள். பாதித் தண்டு நிற்கும்படி வெட்டி விட்டால் அதன் சத்தை உறிஞ்சிப் பக்கக்கன்று மேலே வரும்.

உண்மையான குளிர் உள்ள ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் நாத்தனார் மகன் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறான், புதுச்சேரிக்காரர்களுக்கு அது இன்னொரு தெரு மாதிரி. தொட்டியில் ஒரு குட்டை வாழை வைத்திருந்தான். குளிர் வந்ததும் வீட்டுக்குள் வைத்து, பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றி, தை மாதத்தில் அழுக வைத்தான். இரவு 10 டிகிரிக்கு இறங்குவதற்கு முன்பே தொட்டியை உள்ளே எடுத்துவிட வேண்டும். வெளிச்சமான ஜன்னல் ஓரம் வேண்டும், ஹீட்டருக்கு ஒட்டி வைக்கக் கூடாது. விரலை விட்டால் இரண்டு அங்குலம் வரை மண் காய்ந்திருக்கும்போதுதான் தண்ணீர். இலை விடவில்லையே என்று கவலைப்படாதே, தூங்குகிறது என்றேன். அங்கே தோட்டத்து மண்ணிலேயே வளர்க்கிறவர்கள் குளிர் தாங்கும் ஜப்பான் வாழையை வைத்து, தண்டைச் சுற்றி வைக்கோல் கட்டிவிடுகிறார்கள். மேலே கருகினாலும் கிழங்கு பிழைத்திருந்தால் வசந்தத்தில் முளைக்கும். நம் பூவன் அதைத் தாங்காது.

தை பாதிக்கு மேல் வெயில் ஏறும்போது காய்ந்த சருகுகளைக் கழித்து மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், கூன்வண்டு ஒளிந்துகொள்ளும். பக்கக்கன்றுகளில் ஈட்டி மாதிரி குறுகிய இலையோடு வருகிற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தரையோடு வெட்டிவிடுங்கள். மஞ்சக்குப்பம் தோழி துணி துவைக்கும் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிட்டாள். நாலில் ஒன்று போய்விட்டது. மீதி மூன்றும் மாசி முதல் வாரம் குருத்து விட்டன. அன்றைக்குத்தான் உரம் போடச் சொன்னேன்.