காலையில் கிளம்ப மறுத்த கார்

இரவு முழுவதும் நின்ற என் பெட்ரோல் கார், காலையில் 10 நொடி செல்ஃப் அடித்த பிறகே கிளம்பியது. ஆனால் சாவியை ஆன் நிலையில் வைத்து, டேங்குக்குள் இருக்கும் பம்பின் இரைச்சல் அடங்கியதும் அணைத்து, இதையே மூன்று முறை செய்தால் உடனே கிளம்பியது. எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில் தங்க வேண்டிய அழுத்தம் இரவில் வடிந்துவிடுகிறது என்பதற்கு இது தெளிவான தடயம். அழுத்தத்தை அளக்கும் கேஜ் பொருத்தியபோது, எஞ்சின் ஓடுகையில் 3 பார் காட்டிய முள், எஞ்சினை நிறுத்திய 5 நிமிடத்தில் பூச்சியத்துக்கு இறங்கியது. கசிவது எஞ்சினில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரா, பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்கும் பம்பின் ஒருவழி வால்வா என்று அறிய, மறுமுறை எஞ்சினை நிறுத்தியவுடன் டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை மெக்கானிக் கிளாம்பால் இறுக்கினார். முள் அசையவில்லை, ஆகவே கோளாறு டேங்கின் பக்கமே. அழுத்தத்தை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின்னரே (இதில் அவசரம் கூடவே கூடாது) பின் இருக்கைக்கு அடியிலுள்ள மூடியைத் திறந்து பம்பை மாற்றினோம். மறுநாள் காலை முதல் முயற்சியிலேயே கிளம்பியது.