ரெவிட்டில் ஃபயர் லைன் பைப், ஃபிட்டிங்குகளை ஃபேப்ரிகேஷன் ஷெட்யூலுக்கு வகைப்படுத்துவது எப்படி?

கட்டட மாடல் மென்பொருளான ரெவிட்டில் ஃபயர் லைனை (தீயணைப்புத் தண்ணீர்க் குழாயை) வரைந்து ஷெட்யூல் (பட்டியல்) போட்டால் மொத்த மீட்டர் கணக்கு உடனே வந்துவிடும். பர்ச்சேஸுக்கு அது போதும். பட்டறையில் பைப் வெட்டி வெல்டு வைப்பவருக்குப் போதாது. எது திரெட், எது வெல்டு, எது பட்டறையிலேயே சேர்ந்து வரும், எதை சைட்டில் மாட்ட வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது. ரெவிட் பிரிப்பதோ பைப், பைப் ஃபிட்டிங், பைப் ஆக்சசரி என்ற கேட்டகரிகளாகத்தான். வால்வுகள் ஆக்சசரியில் போகும். மீதியை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

படி 1: முதலில் தாளில் எழுதுங்கள்

ஐஎஸ் 1239 (இந்தியத் தரம்) ஹெவி கிளாஸ் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பைப்பை எடுத்துக்கொள்வோம். 50 என்பி (பெயரளவு விட்டம், மி.மீ.) வரை திரெட், 65 முதல் வெல்டு என்பது பரவலான வழக்கம். உங்கள் ஸ்பெசிஃபிகேஷன் வேறு சொன்னால் அதுதான் சரி. தேவையான பாராமீட்டர்கள் (ஒவ்வொரு பொருளோடும் சேரும் தகவல் புலங்கள்) மூன்று: இணைப்பு முறை, வேலை இடம் (பட்டறையா, சைட்டா), ஸ்பூல் எண் (ஸ்பூல் என்பது பட்டறையிலேயே சேர்ந்து வரும் பைப் தொகுதி). எழுத்துக்கூட்டலையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒருவர் ‘வெல்டு’ என்றும் இன்னொருவர் ‘வெல்ட்’ என்றும் அடித்தால் ஷெட்யூலில் அவை இரண்டு வகை.

படி 2: பாராமீட்டர் சேர்ப்பது

மேனேஜ் டேபில் ஷேர்ட் பாராமீட்டர்ஸைத் திறந்து மூன்றையும் டெக்ஸ்ட் வகையாக உருவாக்குங்கள். பிறகு பிராஜெக்ட் பாராமீட்டர்ஸ் வழியாக மூன்று கேட்டகரிக்கும் இணைத்து, ‘இன்ஸ்டன்ஸ்’ (ஒவ்வொரு பொருளுக்கும் தனி மதிப்பு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலர் இங்கே ‘டைப்’ (அந்த வகை முழுவதற்கும் ஒரே மதிப்பு) என்று வைத்துவிடுகிறார்கள். ஒரே பைப் டைப்பில் 25 என்பியும் இருக்கும், 150 என்பியும் இருக்கும். டைப்பில் ‘திரெட்’ என்று எழுதினால் 150 என்பி பைப்பும் திரெட் ஆகிவிடும்.

படி 3: மாடலைப் பட்டறைக்கு ஏற்ப மாற்றுவது

பைப் கடையிலிருந்து பொதுவாக 6 மீட்டர் நீளத்தில்தான் வரும். மாடலில் 14 மீட்டர் ஒரே பைப்பாக ஓடினால் ஸ்ப்ளிட் கருவியால் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில், ரூட்டிங் பிரிஃபரன்ஸில் (எங்கே எந்த ஃபிட்டிங் வர வேண்டும் என்று சொல்லும் அமைப்பில்) யூனியன் வரிசையில் உள்ள ஃபேமிலி (ரெவிட்டின் ஆயத்தப் பொருள் மாதிரி) வந்து உட்காரும். அங்கே சைஸ் வரம்பும் கொடுக்கலாம்: 50 வரை கப்ளிங், 65 முதல் நீளமே இல்லாத வெல்டு ஜாயிண்ட் ஃபேமிலி. பைப்போடு பைப் சேரும் வெல்டுகளின் எண்ணிக்கை ஷெட்யூலிலேயே கிடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பலன் இதுதான்.

அப்படியே வெளிவிட்டத்தையும் பாருங்கள். 65 என்பிக்கு ஷெட்யூல் 40 (இங்கே பட்டியல் அல்ல, பைப் சுவர்த் தடிமன் வகை) செக்மெண்ட் 73 மி.மீ. காட்டும், ஐஎஸ் 1239 பைப்புக்குச் சுமார் 76. மெக்கானிக்கல் செட்டிங்ஸில் இதைத் திருத்தாவிட்டால் கிளாம்ப் சைஸ் தவறிப்போகும்.

படி 4: மதிப்புகளை நிரப்புவது

ஒவ்வொரு பைப்பாகத் தொட வேண்டாம். பைப்புக்கு ஒரு ஷெட்யூல் போட்டு, டயாமீட்டர் 50 வரை (50-ம் சேர்த்து) என்று ஃபில்டர் வையுங்கள். ‘சைஸ்’ வெறும் எழுத்து, டயாமீட்டர்தான் எண். ‘ஐட்டமைஸ் எவ்ரி இன்ஸ்டன்ஸ்’ (ஒவ்வொன்றையும் தனி வரியாகக் காட்டு) டிக்கை எடுத்துவிட்டு, ஒன்றாகச் சேர்ந்த வரியில் ‘திரெட்’ என்று அடித்தால் அதிலுள்ள எல்லா பைப்புக்கும் பதிந்துவிடும். ஃபிட்டிங்குக்குத் தனி ஷெட்யூல். ஸ்பூல் எண்ணை மட்டும் 3டி வியூவில் பார்த்துப் பார்த்துத்தான் போட வேண்டும்.

படி 5: கடைசி ஷெட்யூல்

வேலை இடம், ஸ்பூல் எண், டயாமீட்டர் என்ற வரிசையில் குரூப் செய்து, இப்போது ஐட்டமைஸ் டிக்கைத் திரும்பப் போடுங்கள். வெட்டும் நீளம் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும். திரெட் ஃபிட்டிங் ஃபேமிலிகளில் கனெக்டர் (மாடலில் பைப் வந்து சேரும் புள்ளி) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ஃபிட்டிங்கின் வாயிலேயே இருந்தால், திரெட் உள்ளே போகும் நீளம் கணக்கில் வந்திருக்காது; அதைக் கூட்டித்தான் வெட்ட வேண்டும். ஸ்பூல் எண் காலியாக உள்ள வரிகளுக்கு மட்டும் ஒரு சோதனை ஷெட்யூல் வைத்து, அதில் பட்டறை வரி ஒன்றும் மிச்சமில்லாத பிறகு பட்டியலை அனுப்புங்கள்.