இரகசிய வருகையா, ஒரே வருகையா? கடைசி கால உபதேசத்தைப் பிரித்துப் படிக்க ஒரு வழி

நம்ம கொங்குப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் நாலு சபை இருக்கும். பெரியப்பா ஈரோட்டில் லண்டன் மிஷன் வழி வந்த சி.எஸ்.ஐ. கோயிலை விட்டு நகர மாட்டார், சித்தி திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு மேல்மாடியில் கூடும் பெந்தெகொஸ்தே சபை, கோவையில் கட்டிக்கொடுத்த அக்கா கத்தோலிக்க வீட்டு மருமகள், மச்சான் ஒருத்தர் சனிக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர். கறிச்சோறு பரிமாறும் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போகும். யாராவது ஒருத்தர் "இஸ்ரேல்ல நடக்கறதப் பாத்தீங்களா, கடைசி காலமுங்க" என்று ஆரம்பித்தால் முடிந்தது கதை. ஆளுக்கொரு வசனம் எடுப்பார்கள், எல்லா வசனமும் பைபிளில் இருக்கும், எதுவும் ஒன்றோடொன்று ஒட்டாது.

அந்தப் பேச்சில் யார் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்க மூன்று கேள்வி போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தை (கத்தோலிக்கப் பைபிளில் திருவெளிப்பாடு) அடிக்குறிப்பு எதையும் பார்க்காமல் படியுங்கள். மொத்தம் 15 வசனம்தான். கையில் பென்சில் வைத்துக்கொண்டு "ஆயிரம் வருஷம்" வருகிற இடத்தில் எல்லாம் கோடு போடுங்கள், 2ஆம் வசனம் முதல் 7 வரை ஆறு இடம் வரும். அப்புறம் அதே அதிகாரத்தில் எது இல்லை என்று பாருங்கள். இரகசிய வருகை, அதாவது உலகத்துக்குத் தெரியாமல் இயேசு வந்து விசுவாசிகளை மேலே எடுத்துக்கொள்வது, இல்லை. உலகமே பாடுபடும் ஏழு வருஷ உபத்திரவம் இல்லை. கடைசியில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்புவான் என்கிற அந்திக்கிறிஸ்துவின் பெயர் இந்த அதிகாரத்தில் மட்டுமல்ல, வெளிப்படுத்தின விசேஷம் முழுக்கவே கிடையாது, அது யோவானின் நிருபங்களில் வருகிறது, இங்கே இருப்பது மிருகம். இல்லை என்பதால் அந்த உபதேசங்கள் எல்லாம் பொய் என்று சொல்லவில்லை. அவை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து இங்கே பொருத்தப்பட்டவை, எந்த இடத்திலிருந்து என்று தெரிந்துகொண்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

இனி முதல் கேள்வி: இயேசு வருவது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்பவர்கள், அவர் வந்து இந்தப் பூமியில் ஆயிரம் வருஷம் அரசாளுவார் என்கிறார்கள். இது புதுசு அல்ல, 2ஆம் நூற்றாண்டிலேயே ஆதி சபை எழுத்தாளர்களான ஜஸ்டினும் ஐரேனியஸும் இப்படித்தான் நம்பினார்கள். அந்த ஜஸ்டினே, நல்ல விசுவாசிகள் பலர் இதில் வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார், அதனால் இந்தச் சண்டைக்கும் அவ்வளவு வயசு. பின்னால் என்பவர்களில் இரண்டு வகை. ஆயிரம் என்பது அடையாள எண், சபையின் காலம் முழுவதும்தான் அந்த அரசாட்சி, அது இப்போதே நடக்கிறது என்பது பழைய காலத்து ஆயர் அகஸ்டின் காட்டிய வழி. கத்தோலிக்கத் திருச்சபை பூமியில் ஆயிர வருஷ ஆட்சி என்ற எண்ணத்தை ஏற்பதில்லை, லூத்தரன்களும் 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலேயே அதைத் தள்ளிவிட்டார்கள். இன்னொரு வகை, சுவிசேஷம் உலகமெங்கும் பரவி ஒரு நல்ல காலம் வரும், அதற்குப் பிறகே அவர் வருவார் என்பது. 1830இல் கோயமுத்தூருக்கு லண்டன் மிஷன் வந்த காலத்து மிஷன் இயக்கங்களில் இந்த நம்பிக்கை பலமாக இருந்தது. முதல் உலகப்போர் அதன் சுருதியைக் குறைத்துவிட்டது.

சி.எஸ்.ஐ.? ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று பல ஓடைகள் 1947இல் சேர்ந்த சபை அது. உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்ற விசுவாசப் பிரமாணத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆயிரம் வருஷம் பற்றி இந்த ஐயர் (போதகர்) ஒன்று சொல்லி, மாற்றலாகி வருகிற அடுத்த ஐயர் வேறொன்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

இரண்டாவது கேள்விதான் வீட்டில் சத்தம் எழுப்புவது: சபை எடுத்துக்கொள்ளப்படுவது உபத்திரவத்துக்கு முன்னாலா, பின்னாலா? நம்ம ஊர் கன்வென்ஷன் மைதானத்தில் மேடைக்குப் பின்னால் நீளமாக ஒரு படம் கட்டியிருப்பார்களே, இடதுகோடியில் ஏதேன் தோட்டம், நடுவில் சிலுவை, அதை அடுத்து மேகத்துக்கு ஏறுகிற ஒரு அம்புக்குறி, பிறகு சிவப்பில் ஏழு வருஷம், வலதுகோடியில் வெள்ளைச் சிங்காசனம். அந்த அம்புக்குறிக்குச் சொந்தக்காரர் ஜான் நெல்சன் டார்பி. லண்டன் மிஷன் கோவைக்கு வந்த அதே 1830களில் இங்கிலாந்து, அயர்லாந்து பக்கம் பிரதரன் (சகோதரர்) சபைகளில் அவர் இதை வகுத்துச் சொன்னார், 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புப் பைபிள் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிரதரன் வழியாகவும் பெந்தெகொஸ்தே வழியாகவும் நம்ம பக்கம் வேரூன்றியது இதுதான். ஆதார வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:17, உயிரோடிருப்பவர்கள் மேகங்கள்மேல் கர்த்தருக்கு எதிர்கொண்டுபோவது. மறுதரப்பு அதே வசனத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறது: மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர் எல்லை வரை போகிற பெண் வீட்டார் அவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள்தானே வருவார்கள், மத்தேயு 25இல் பத்துக் கன்னிகைகள் போனதும் அப்படித்தானே, பிறகு ஏன் இங்கே மட்டும் ஏழு வருஷம் மேலேயே தங்க வேண்டும்? அதோடு எக்காளம், பிரதான தூதனுடைய சத்தம் என்று 16ஆம் வசனம் அவ்வளவு ஆரவாரமாக இருக்கும்போது இதில் இரகசியம் எங்கே என்றும் கேட்பார்கள். எனக்கு இந்தக் கேள்வி கனமாகத்தான் படுகிறது. ஆனால் அடுத்த வீட்டில் விளக்கு எரியும்போதே ஆள் காணாமல் போவார் என்று சின்ன வயசிலிருந்து நம்பி, அதனாலேயே ஒழுங்காக வாழ்ந்த சித்தியிடம் இதை முகத்தில் அடித்த மாதிரி கேட்காதீர்கள்.

சரி, அந்த ஏழு வருஷம் எங்கிருந்து வந்தது? வெளிப்படுத்தின விசேஷத்தில் இருப்பது 42 மாதம், 1,260 நாள், எல்லாம் மூன்றரை வருஷக் கணக்கு. ஏழு வருவது தானியேல் 9:24-27இலிருந்து. அங்கே 70 வாரம், ஒரு நாளை ஒரு வருஷமாக வைத்தால் 490 வருஷம். ஏழும் அறுபத்திரண்டும் சேர்ந்து 69 வாரம் முடிந்ததும் கடிகாரம் நின்றுவிட்டது, நடுவில் சபையின் காலம் ஓடுகிறது, கடைசி வாரம் அந்திக்கிறிஸ்து உடன்படிக்கை செய்யும்போது மறுபடி தொடங்கும் என்பது டார்பி வழி. இடைவெளியே கிடையாது, 70 வாரமும் தொடர்ச்சி, பலியை ஒழியப்பண்ணினவர் சிலுவையில் கிறிஸ்துவே, எருசலேம் நகரம் அழிந்தது கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படையால் என்பது இன்னொரு வழி. கிறிஸ்துவுக்கு முன்பே எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய அந்தியோகஸ் ராஜாவைப் பற்றியது அது என்பார் மூன்றாமவர். ஆக, யாராவது ஏழு வருஷம் என்றால் "ஏனுங்க மாமா, அந்த 69க்கும் 70க்கும் நடுவுல இடைவெளி இருக்குன்னு எந்த வசனத்துல வருதுங்க?" என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். தெரிந்தவர் நிதானமாக விளக்குவார், தெரியாதவர் சத்தத்தைக் கூட்டுவார்.

மூன்றாவது கேள்வி: சொன்னது நடந்து முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, இனிமேலா? மிருகத்தின் எண்ணான 666க்கு இதைப் போட்டுப் பாருங்கள். முடிந்தது என்பவர், நீரோ இராயன் என்ற ரோமப் பேரரசனின் பெயரை எபிரெய எழுத்தில் கூட்டினால் 666 வரும் என்பார். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்று இருப்பதற்கும் அதே பெயரின் இன்னொரு வடிவம் பொருந்துகிறது. சரித்திரம் முழுக்க நடக்கிறது என்பவர், லூத்தரைப் போலப் போப்பைக் காட்டுவார். இனிமேல் என்பவரிடம் பார்கோடு, ஆதார், தடுப்பூசி என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும், அதில் எதையும் நான் ஃபார்வர்டு செய்வதில்லை.

சனிக்கிழமை மச்சானுடைய கணக்கு இந்த மூன்றிலும் கொஞ்சம் தனி. இயேசு முதலில் வருவார், ஆனால் ஆயிரம் வருஷம் பரிசுத்தவான்கள் இருப்பது பரலோகத்தில், பூமி பாழாய்க் கிடக்கும். மச்சானுடைய சபையான அட்வென்டிஸ்டுகள் வந்த வழி அமெரிக்காவில் வில்லியம் மில்லர் நடத்திய இயக்கம். தானியேல் 8:14இன் 2,300 நாளை வருஷமாக்கி, 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தர் வருவார் என்று அவர்கள் காத்திருந்தார்கள், வரவில்லை.

தேதி சொல்கிறவர் வந்தால் மட்டும் விவாதம் வேண்டாம். 1948இல் இஸ்ரேல் உருவானதிலிருந்து ஒரு தலைமுறைக்கு 40 வருஷம் என்று கூட்டி 1988ஐக் குறித்தவர்கள் இருந்தார்கள், அதுவும் போய்விட்டது. அந்த நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்ற மத்தேயு 24:36ஐ எடுத்துக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள், பூமியை விற்று ஊழியத்துக்குக் கொடு என்று பேச்சு நீண்டால் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

வீட்டு ஜெபக் கூட்டத்திலோ வாலிபர் கூட்டத்திலோ இதை நடத்துவதென்றால் வாரத்துக்கு ஒரு பகுதி போதும். முதலில் வெளிப்படுத்தின விசேஷம் 20, அப்புறம் தானியேல் 9, அப்புறம் 1 தெசலோனிக்கேயர் 4. மத்தேயு 24ஐக் கடைசிக்கு வையுங்கள். அதில் 34ஆம் வசனம், இவையெல்லாம் சம்பவிக்குமுன் இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்பது, கி.பி. 70இல் எல்லாம் முடிந்தது என்பவருக்குச் சாதகமாகத் தெரியும். மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவதைச் சொல்லும் 30ஆம் வசனம் இனிமேல் என்பவருக்குக் கைகொடுக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் முடியாது, டீ கூடுதலாகப் போட்டு வையுங்கள்.