ரூல் எஞ்சின் இழுக்குதா? புது சர்வர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

நாகர்கோவில்ல உக்காந்து ட்ரூல்ஸ்ல (‘இப்படி இருந்தா இதைச் செய்’னு எழுதுற ரூலை டேட்டா மேல ஓட்டுற ஜாவா ரூல் எஞ்சின்) வேலை பாக்குற நம்ம பசங்களுக்காக இதை எழுதுறேன். ரூல் எஞ்சின் ஸ்லோன்னு கம்ப்ளைன்ட் வந்ததும் ரேம் கூட்டுவோம்னு கிளம்புறதுதான் முதல் தவறு மக்கா. கம்பைலுக்கு (ரூலை பில்ட் பண்ண) எவ்வளவு, இன்சர்ட்டுக்கு (டேட்டாவை எஞ்சினுக்குள்ள போட) எவ்வளவு, ஃபயர் பண்ண (ரூலை ஓட்ட) எவ்வளவுன்னு தனித்தனியா டைம் எடுங்க. ட்ரூல்ஸ் 6-ல ஃப்ரீக் அல்காரிதம் வந்ததுக்கு அப்புறம் எந்த டேட்டா எந்த ரூலுக்குப் பொருந்துதுன்னு மேட்ச் பண்ற வேலை பெரும்பாலும் ஃபயர் பண்ணும்போதுதான் நடக்குது, அதனால இன்சர்ட் சட்டுனு முடிஞ்சத வச்சு டேட்டால பிரச்சனை இல்லன்னு முடிவு பண்ணாதீங்க.

கம்பைல் டைம் பெருசா வந்தா, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் எக்செல் டெசிஷன் டேபிளைப் படிச்சு ரூலை புதுசா பில்ட் பண்றீங்களான்னு பாருங்க. ஆப் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவை பில்ட் பண்ணி வச்சா போதும், ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு செஷன் (டேட்டாவைப் போட்டு ரூலை ஓட்டுற இடம்) மட்டும் எடுங்க. டேட்டாவை நினைவுல வச்சிருக்குற ஸ்டேட்ஃபுல் செஷன்னா முடிஞ்சதும் கண்டிப்பா டிஸ்போஸ் பண்ணணும், இல்லன்னா மெமரி ஏறிக்கிட்டே போகும்.

ஆனா பெரிய அடி விழுறது ஜாயின்லதான், அதாவது ரெண்டு வகை டேட்டாவை ஜோடி சேர்க்குறதுல. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்குற கடைக்கு ரூல் எழுதுறோம்னு வைங்க, ஷீட் என்ட்ரி 1000, ரேட் என்ட்ரி 500. ஷீட்டுக்கு ஒரு பேட்டர்ன் (எந்த டேட்டா வேணும்ங்குற கண்டிஷன்), ரேட்டுக்கு ஒரு பேட்டர்ன் எழுதிட்டு ரெண்டு கிரேடும் ஒண்ணான்னு கடைசியா இவால் (eval, தனியா எழுதுற கோட் கண்டிஷன்) போட்டு செக் பண்ணா எஞ்சின் 5 லட்சம் ஜோடியைத் தொட்டுப் பாக்கணும். அதையே ரேட் பேட்டர்னுக்குள்ள கிரேடு சமம்னு எழுதுனா இன்டெக்ஸ் வழியா ஆர்எஸ்எஸ்4 (ரப்பர் ஷீட்டோட ஒரு கிரேடு) ஷீட் நேரா ஆர்எஸ்எஸ்4 ரேட்டுக்கே போயிரும். இவாலுக்குள்ள என்ன இருக்குன்னு எஞ்சினுக்குத் தெரியாது, அதான் இன்டெக்ஸ் போட முடியல. இதுக்கு மேல எந்த ஜாயினும் இல்லாம 100 சலுகை என்ட்ரியையும் சேர்த்தா கணக்கு 5 கோடிக்குப் போகும்! சார்லஸ் ஃபோர்ஜி 1979 தீசிஸ்ல விவரிச்ச ரீட்டி (இந்த மாதிரி எஞ்சினுக்கு அடிப்படையான மேட்ச் பண்ற அல்காரிதம்) முறையே பாதி மேட்சை நினைவுல வச்சுக்கிட்டு வேகத்தை வாங்குறதுதான், அதனால தேவையில்லாத ஜோடி நேரத்தை மட்டுமில்ல, மெமரியையும் சேர்த்துத் தின்னும். நிறைய வடிகட்டுற பேட்டர்னை மேல போடுங்க.

அடுத்தது அப்டேட். தொகையை மாத்துனதும் அதே ரூல் திரும்ப ஓடுதுன்னு நோ-லூப் போடுவாங்க, அது அந்த ஒரு ரூலை மட்டும்தான் தடுக்கும், ஏ ரூல் பி-யைக் கிளப்பி பி திரும்ப ஏ-யைக் கிளப்புனா நோ-லூப் ஒண்ணும் பண்ணாது. ரூல் ஓடுறப்பல்லாம் தகவல் தர்ற அஜெண்டா லிசனர் போட்டு எந்த ரூல் எத்தனை தடவை ஓடுச்சுன்னு எண்ணுங்க, ஒரு ஷீட்டுக்கு ஒரு தடவை ஓட வேண்டிய ரூல் நாப்பது தடவை ஓடியிருந்தா அங்கேயே பிடிபட்டுரும். மாத்துறதை மாடிஃபை பிளாக்ல எழுதுங்க, எந்த ஃபீல்டு மாறுச்சுன்னு எஞ்சினுக்குத் தெரியும், தொகை மாறுனதுக்காக டிஆர்சி (ரப்பர் பால்ல இருக்குற உலர் ரப்பர் அளவு) பாக்குற ரூல் தேவையில்லாம எழும்பாது.

கண்டிஷனுக்குள்ள டேட்டாபேஸ் கால் வேண்டவே வேண்டாம், முன்னாடியே எடுத்து இன்சர்ட் பண்ணிருங்க.

டெஸ்ட்டுக்குப் பத்து என்ட்ரி வச்சுப் பாத்தா இதுல எதுவுமே வெளிய வராது. மழை மாசத்துல பால்வெட்டு குறையும், அந்த டேட்டாவை எடுத்து ஓட்டிட்டு ஓகேன்னு சொல்லாதீங்க, வெட்டு நல்லா நடக்குற மாசத்துல சரக்கு அதிகமா வந்த நாளோட டேட்டாவை முழுசா எடுத்து ஓட்டிப் பாருங்க.