புளிக்கு எவ்வளவு தீ வேண்டும்?

மாசி, பங்குனி வந்தால் கொங்கு நாட்டுக் கிராமங்களில் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டும் சத்தம் கேட்கும். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்து அவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கிற புளியை அடுப்படியில் கெடுத்துவிடக் கூடாது.

பெரும்பாலான தவறுகள் தீயில்தான் நடக்கின்றன. எங்கள் பக்கத்துப் பச்சைப்புளி ரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, தட்டிய சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், சுட்ட வரமிளகாய், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துக் கையால் நன்றாகப் பிசைந்துவிட்டால் ரசம் தயார். அடுப்பே வேண்டாம். பச்சை வாசம் இருக்குமே என்று பயந்து இதைக் கொதிக்க வைக்கிறவர்கள் உண்டு. அந்த வாசம்தான் இதன் உயிர்! கொதித்தால் பழத்தின் மணம் போய், வெங்காயமும் துவண்டு, வெறும் புளித்தண்ணிதான் மிஞ்சும். புதுப்புளி இதற்கு மிகவும் பொருத்தம். அதில் லேசான இனிப்பு இருக்கும். அரபு வணிகர்கள் புளியை ‘இந்தியப் பேரீச்சை’ என்ற பொருளில் ‘தமர் ஹிந்தி’ என்று அழைத்தது வீணில்லை.

புளிக்குழம்பு இதற்கு நேர் எதிர். பச்சை வாசம் போய், எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதித்தாக வேண்டும். கறுத்த பழம்புளி இருந்தால் நிறமும் கூடும். புளிப்பு தூக்கலாக இருந்தால் இன்னும் தண்ணீர் ஊற்றாமல், ஒரு சிட்டிகை நாட்டுச்சர்க்கரை போடுங்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரண ரசம் இரண்டுக்கும் நடுவில். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது, அவசரம். கொள்ளோ துவரம்பருப்போ வேகும் முன்பே புளி ஊற்றினால், அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் மலராது. காயும் அப்படித்தான். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அவற்றை மெத்தென்று ஆகவிடாது. கருணைக்கிழங்கு மட்டும் விதிவிலக்கு, அரிப்பு போக அதைப் புளித்தண்ணியிலேயே வேகவைப்பது வழக்கம்.

கரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால் போதும். ஊறாத புளியைப் போட்டுக் கசக்கி, கோதில் இருக்கும் கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். மண் இருக்கும், வடிகட்டாமல் ஊற்றாதீர்கள்.

பாத்திரமும் முக்கியம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத்தானே பளபளவென்று விளக்குகிறோம்? அதே வேலையை ஈயம் பூசாத பித்தளைச் சட்டியில் குழம்புக்குள்ளேயும் செய்யும். அலுமினியமும் வேண்டாம். மண்சட்டி நல்லது, எவர்சில்வரும் சரி.

சேமிப்பில் நானே ஒரு வருடம் தப்புச் செய்தேன். நேரமில்லை என்று கொட்டையோடு கட்டி வைத்த புளி முழுக்கப் பூச்சி விழுந்துவிட்டது. இப்போது கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி, மண்பானையில் அழுத்தி வைக்கிறேன், ஈரக்கையால் எடுப்பதில்லை. உப்புப் போட்ட புளி என்பதால், குழம்புக்கு உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் சேர்ப்பேன்.